சுத்தத்துக்குத் தனி விலையா?

"சாதாவா, பிரீமியமா?"

பெட்ரோல் பங்கில் வண்டியை நிறுத்தியதும் காதில் விழும் முதல் கேள்வி இதுதான். கேட்பவர் ஒரு தொழிலாளி. கேட்கப்படுபவரும் பல வேளைகளில் ஒரு தொழிலாளியே. இரண்டு உழைப்பாளிகளுக்கு நடுவே ஒரு ரப்பர் குழாய். அந்தக் குழாய்க்குள்ளே லிட்டருக்குச் சில ரூபாய் வேற்றுமை. "பிரீமியம் போட்டால் எஞ்சின் சுத்தமாக இருக்கும் சார்" என்கிறார் அவர். சுத்தம் என்ற சொல்லைக் கேட்டதும் இவர் மனம் இளகுகிறது. பையிலிருந்து இன்னொரு நோட்டு வெளியே வருகிறது.

நாம் கேட்கிறோம்: அந்த நோட்டு எதற்காகப் போகிறது? அது வாங்கித் தருவதாகச் சொல்லப்படும் சுத்தம் உண்மையா, பொய்யா? உண்மையென்றால், அதற்குத் தனி விலை வைப்பானேன்?

"கார் வைத்திருப்பவன் கவலைக்கு நமது ஏட்டில் என்ன இடம்?" என்று சில தோழர்கள் முகம் சுளிக்கக்கூடும். சுளிக்க வேண்டாம். பிறர் காரை ஓட்டிப் பிழைக்கும் டிரைவர் யார்? அதைப் பழுது பார்த்துக் கையெல்லாம் கரியாகும் மெக்கானிக் யார்? வெயிலில் நின்று பெட்ரோல் ஊற்றுகிறவர் யார்? அதுமட்டுமன்று. 2014-ல் மத்திய அரசின் பெட்ரோலியத் துறைக்காக எடுக்கப்பட்ட ஆய்வொன்று, நாட்டில் விற்கும் பெட்ரோலில் 61 விழுக்காட்டுக்கு மேல் இருசக்கர வாகனங்களுக்கே போகிறது என்று கண்டது. சீமான்களின் கப்பல் போன்ற கார்கள் குடிப்பதைவிட, ஆலைக்கும் சந்தைக்கும் ஓடும் நம்மவர் வண்டிகள் குடிப்பதே அதிகம். பெட்ரோல் பற்றிய பேச்சு நம் வீட்டுப் பேச்சுத்தான்!

இந்தப் பேச்சை எடுக்க நம்மைத் தூண்டியது ஒரு தோழரின் கார்.

தோழரின் கார்

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஃபிட்டராக உழைக்கும் தோழர் அவர். பத்து ஆண்டு ஓடிக் களைத்த சிறு கார் ஒன்றைக் கடன் வாங்கி வாங்கினார். ஆடம்பரத்துக்காக அல்ல, பஸ் படி ஏற முடியாத தாயாரை மருத்துவமனைக்கு அழைத்துப் போக. மருத்துவமனை மூன்று கிலோமீட்டர். மகளின் பள்ளிக்கூடம் இரண்டு கிலோமீட்டர். கடைவீதி அதைவிடக் கிட்டம். அந்தக் கார் இதற்கு மேல் ஓடியதே இல்லை.

சில மாதங்களில் வண்டி காலையில் இருமத் தொடங்கியது. கிளம்பும்போது குலுங்கியது, சிக்னலில் நின்றால் அணைந்தது. "சின்ன தூரம் ஓடுகிற வண்டிக்குக் கார்பன் பிடிக்கும், மருந்து கலந்த பெட்ரோல் போடு" என்று யாரோ சொன்னார்கள். போட்டார். ஒரு தடவை, இரு தடவை அல்ல, ஓராண்டு முழுதும் போட்டார். இருமல் ஓரளவு குறைந்தது என்பதும் உண்மை. ஆனால், கூடுதல் செலவை எங்கேயாவது ஈடுகட்ட வேண்டுமே! "வண்டிதான் ஓடவேயில்லையே, மூவாயிரம் கிலோமீட்டர்கூடத் தாண்டவில்லையே" என்று எஞ்சின் ஆயில் மாற்றுவதை இரண்டு ஆண்டு தள்ளிப் போட்டார்.

ஒருநாள் எஞ்சினுக்குள்ளிருந்து 'கடகட' என்று ஓசை. நாமும் அவருடன் பட்டறைக்குப் போனோம். மெக்கானிக் ஆயில் மூடியைத் திறந்தார். மூடியின் அடியில், கடைந்த வெண்ணெய் போல, வெளிர்மஞ்சளாய் ஒரு படலம். ஆயில் அளவுக் கம்பியை உருவினார். இருக்க வேண்டிய அளவுக்கு மேலே நின்றது ஆயில். முகர்ந்து பார்த்தால் பெட்ரோல் நெடி! மெக்கானிக் தலையை ஆட்டிக்கொண்டே சொன்னார்: "அண்ணே, பெட்ரோலுக்குச் செலவு பண்ணீங்க, ஆயிலை மறந்துட்டீங்க."

பழுது பார்த்த செலவு தோழருக்கு இரண்டு மாதச் சம்பளம். அந்த இரண்டு மாதமும் தாயார் ஆட்டோவில்தான் மருத்துவமனை போனார்.

காலில் முள் தைத்தவனுக்குக் கண்ணில் மருந்து ஊற்றிய கதை இது. மருந்து கெட்ட மருந்தல்ல. ஊற்றிய இடந்தான் வேறு. எனவேதான், எது எதற்கு மருந்து என்பதை நம் தோழர்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்கிறோம்.

ஒரு பெயர், இரண்டு சரக்கு

'பிரீமியம்' என்ற ஒரே பெயருக்குள் இரண்டு வேறு சரக்குகள் ஒளிந்திருக்கின்றன. ஒன்று ஆக்டேன், மற்றொன்று சுத்திகரிப்பு மருந்து. இவை இரண்டும் ஒன்றென எண்ணுவதுதான் முதல் ஏமாற்றம்.

ஆக்டேன் என்பது அழுக்கை நீக்கும் பொருளல்ல. எஞ்சினின் சிலிண்டருக்குள் பெட்ரோலும் காற்றும் அழுத்தப்படும்போது, தானாகத் தீப்பற்றி 'நாக்' அடிக்காமல் பொறுத்திருக்கும் தன்மையின் அளவு அது. அவ்வளவே. அழுத்தம் மிகுந்த எஞ்சினுக்கு உயர்ந்த ஆக்டேன் வேண்டும். சாதாரண எஞ்சினுக்கு வேண்டியதில்லை. 2020-ல் பாரத் ஸ்டேஜ் 6 விதி வந்தபோது சாதாரண பெட்ரோலுக்குக் குறைந்தபட்ச ஆக்டேன் 91 என்றும், பிரீமியத்துக்கு 95 என்றும் வைத்தார்கள். பின்னர் எத்தனால் வந்தது. 2025-ல் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் நாடெங்கும் பரவியது. எத்தனாலோ ஆக்டேனைத் தானாகவே உயர்த்தும் பொருள். ஆகவே, காருடன் வந்த கையேட்டில் '95 வேண்டும்' என்று எழுதியிராத வண்டிக்கு உயர் ஆக்டேன் வாங்குவது, நாலு முழ வேட்டி கட்டுகிறவன் எட்டு முழத்துக்குக் காசு கொடுப்பது போல. மீதி நாலு முழம் மடிப்பில் கிடக்கும்!

இரண்டாவது சரக்கு, சுத்திகரிப்பு மருந்து. இது வேறு இனம். சோப்பு எப்படி வேலை செய்கிறது? அதன் ஒரு முனை அழுக்கைப் பற்றும். மறு முனை தண்ணீரோடு சேரும். அழுக்கு பெயர்ந்து போகும். பெட்ரோலில் கலக்கும் மருந்தும் அப்படித்தான். ஒரு முனை கரியையும் பிசினையும் பற்றுகிறது; மறு முனை பெட்ரோலில் கரைகிறது. பாலி ஈதர் அமின், பாலி ஐசோபியூட்டிலின் அமின் என்றெல்லாம் இவற்றுக்குப் பெயர்கள். பெயர் நீளம், போட வேண்டிய அளவோ சிறிது.

இந்த மருந்து பொய்யல்ல. தெளிவாகவே சொல்லுகிறோம். எதிர்க்க வேண்டும் என்பதற்காக உண்மையை மறைப்பது நம் வழக்கமல்ல.

மூன்று கிலோமீட்டரின் கொடுமை

சிறு தூரம் ஓடும் வண்டிக்கு நேர்வது என்ன? பலர் நினைப்பது, 'குறைவாக ஓடினால் குறைவாகத் தேயும்' என்று. எஞ்சின் விஷயத்தில் அது தலைகீழ்!

பெட்ரோலைத் தூவும் இன்ஜெக்டரின் முனையில் மயிரிழை போன்ற துளைகள் உண்டு. வண்டியை நிறுத்தியதும் பெட்ரோல் ஓட்டம் நின்றுவிடுகிறது. ஆனால் எஞ்சினின் சூடு நிற்பதில்லை. முனையில் ஒட்டியிருக்கும் துளிகள் அந்தச் சூட்டில் வெந்து, பிசினாகி, துளையில் படிகின்றன. ஆக, அழுக்கு சேருவது வண்டி ஓடும்போது மட்டுமல்ல. ஓடி நின்ற பிறகுதான் அதிகம். நாளைக்கு ஒருமுறை நிற்கும் வண்டிக்கு ஒரு படிவு. எட்டு முறை நிற்கும் வண்டிக்கு எட்டுப் படிவு. இதை அறிந்துதான் அமெரிக்காவில் இன்ஜெக்டர் அழுக்கை அளக்கும் சோதனை முறையை அமைத்தபோது, 15 நிமிடம் ஓட்டு, 45 நிமிடம் நிறுத்திப் போடு, மறுபடி 15 நிமிடம் ஓட்டு என்று வகுத்தார்கள். அழுக்கை வரவழைக்க அறிஞர்கள் வகுத்த முறைக்கும், பள்ளிக்கூடம், கடைவீதி, மருத்துவமனை என்று நம் தோழர் ஓட்டிய முறைக்கும் அதிக தூரமில்லை!

எனவே இன்ஜெக்டர் அழுக்குக்கு மருந்து கலந்த பெட்ரோல் தக்க பரிகாரம். பெட்ரோல் வால்வின் முதுகில் தூவப்படும் சாதாரண எஞ்சின்களில், வால்வில் படியும் கரியையும் அது கழுவுகிறது. ஆனால், சிலிண்டருக்குள்ளேயே நேராகப் பெட்ரோலைப் பாய்ச்சும் புதுமாதிரி எஞ்சின்கள் இப்போது பல வந்துவிட்டன. அவற்றில் பெட்ரோல் அந்த வால்வைத் தொடுவதே இல்லை. தொடாத இடத்தை எந்த மருந்து கழுவும்? அங்கே இன்ஜெக்டர் முனைக்கு மட்டுமே பயன்.

நிற்க. சிறு தூரத்தால் வரும் மற்றத் தீங்குகளைப் பாருங்கள்.

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் ஆவியாகப் பிறக்கிறது. எஞ்சின் நன்றாகச் சூடேறி இருந்தால் அது புகையோடு வெளியே போய்விடும். மூன்று கிலோமீட்டரில் சூடேறுவது எங்கே? ஆவி குளிர்ந்து நீராகிச் சைலன்சரில் தேங்கித் துருப் பிடிக்க வைக்கிறது. எஞ்சினுக்குள் கசிந்து ஆயிலோடு கலந்து வெண்ணெயாய்த் திரள்கிறது. குளிர்ந்த எஞ்சினுக்குக் கூடுதல் பெட்ரோல் ஊட்டப்படுகிறது. அதில் எரியாதது சிலிண்டர் சுவர் வழியே வழிந்து ஆயிலை நீர்த்துப் போகச் செய்கிறது. நீர்த்த ஆயில் உராய்வைத் தாங்குமா? ஸ்பார்க் பிளக்கும் நல்ல சூடு ஏறினால்தான் தன்மேல் படிந்த கரியைத் தானே எரித்துக்கொள்ளும். ஏறாவிட்டால் கரி அதன்மேலேயே தங்குகிறது. ஒவ்வொரு ஸ்டார்ட்டுக்கும் பாட்டரி செலவழித்த மின்சாரத்தைத் திரும்பப் பெறுவதற்குள் பயணம் முடிந்துவிடுகிறது.

இந்த நான்கு நோய்களில் பெட்ரோலில் கலந்த மருந்து தீர்ப்பது எத்தனை? ஒன்றுமில்லை! ஆயிலில் சேர்ந்த நீரை அது வடிப்பதில்லை. பாட்டரியை நிரப்புவதில்லை. சைலன்சரின் துருவைத் துடைப்பதில்லை. பிளக்குக்குச் சூடேற்றுவதில்லை. 'எஞ்சின் சுத்தம்' என்ற பரந்த சொல்லைச் சொல்லி, ஒரு மூலையை மட்டும் கூட்டிவிட்டு வீடெல்லாம் கூட்டியதாகக் கூலி கேட்பது போல அல்லவா இது?

பலூன் காட்டிய வித்தை

இப்படி உண்மை மருந்தைச் சுற்றிப் பொய் மேளம் கொட்டுவது இன்று நேற்று வந்த பழக்கமல்ல. சுத்திகரிப்பு மருந்து வாணிபம் பெரிதாக வளர்ந்த நாடு அமெரிக்கா. அங்கே நடந்த ஒரு நாடகத்தைக் கேளுங்கள்.

1970-ல் கலிஃபோர்னியா ஸ்டாண்டர்டு ஆயில் கம்பெனி தன் செவ்ரான் பெட்ரோலில் 'எஃப் 310' என்ற மருந்தைக் கலந்து வெளியிட்டது. தொலைக்காட்சியில் விளம்பரம். முன்னாள் விண்வெளி வீரர் ஒருவர் வந்து நிற்கிறார். ஒரு காரின் புகைக்குழாயில் ஒளி ஊடுருவும் பெரிய பலூனைக் கட்டுகிறார்கள். எஞ்சின் ஓடுகிறது, பலூன் கன்னங்கரேலென்று நிறைகிறது. பிறகு ஆறு டாங்க் எஃப் 310 ஓட்டியபின் மறுபடி பலூன். இப்போது கண்ணாடி போலத் தெளிவு! பார்த்தவர்கள் வாயடைத்துப் போனார்கள்.

அமெரிக்க வாணிபக் கமிஷன் வழக்குத் தொடுத்தது. விசாரணையில் வெளிவந்தது என்ன? கறுத்த பலூனைக் காட்டிய கார், அழுக்கு மிகுதியாகப் படிவதற்கென்றே தயாரித்த பெட்ரோலில் முன்கூட்டி ஓட்டப்பட்ட கார்! மேலும், தெளிந்த பலூனுக்குள் கரித்தூள் இல்லையே தவிர, கண்ணுக்குத் தெரியாத கார்பன் மோனாக்சைடு முதலிய நச்சுக் காற்றுகள் இருக்கவே செய்தன. கண்ணுக்குத் தெரியவில்லை என்பதாலேயே 'இல்லை' என்று நம்ப வைத்தார்கள். 1974-ல் கமிஷன் தடை ஆணை பிறப்பித்தது. 1978-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஆணையின் அகலத்தைக் குறைத்தாலும், விளம்பரம் மக்களை ஏமாற்றக்கூடியதே என்ற முடிவை உறுதி செய்தது.

கவனியுங்கள், தோழர்களே! எஃப் 310 எஞ்சின் அழுக்கை நீக்கும் மருந்துதான். மருந்தில் உண்மை இருந்தது. பலூனில்தான் பொய் இருந்தது. செய்யும் வேலையைச் சொன்னால் போதாது, செய்யாத வேலையையும் சேர்த்துச் சொன்னால்தான் விலை ஏறும் என்பது இலாப வேட்டையின் இலக்கணம்.

சட்டம் செய்ததும், செய்யத் தவறியதும்

அதே அமெரிக்காவில் இன்னொன்றும் நடந்தது. அதுதான் நமக்குப் பாடம்.

எஞ்சின் அழுக்கானால் புகை அதிகமாகிறது. புகை காசு கொடுத்தவன் மூக்கு, கொடுக்காதவன் மூக்கு என்று பார்ப்பதில்லை. ஆகவே இது தனி மனிதன் விருப்பத்துக்கு விடும் காரியமல்ல என்று கண்டு, 1990-ன் தூய காற்றுச் சட்டத் திருத்தத்தின்படி, 1995 ஜனவரி முதல் விற்கும் எல்லாப் பெட்ரோலிலும் சுத்திகரிப்பு மருந்து கலந்தே தீர வேண்டும் என்று ஆக்கினார்கள். சாதா, பிரீமியம் என்ற வருண பேதம் இல்லாமல் எல்லாவற்றிலும்!

நல்ல சட்டம். ஆனால் கம்பெனிகள் என்ன செய்தன? சட்டம் ஒரு குறைந்தபட்ச அளவைச் சொன்னது. அதற்கு மேல் கலந்து வந்த சில கம்பெனிகளும் அந்தக் குறைந்தபட்சத்துக்கு இறங்கி வந்துவிட்டன. சட்டம் தரையைக் காட்டியது. வியாபாரி தரையிலேயே படுத்துக்கொண்டான்! அந்த அளவு போதவில்லை என்று கண்ட கார் கம்பெனிகள் நான்கு, பிஎம்டபிள்யூ, ஜெனரல் மோட்டார்ஸ், ஹோண்டா, டொயோட்டா, 2004-ல் 'டாப் டியர்' என்ற உயர்ந்த தர அளவை வகுத்தன. அதில் ஒரு நிபந்தனை நம் நெஞ்சில் பதிய வேண்டியது: இந்தப் பெயரைப் பெற விரும்பும் கம்பெனி, தான் விற்கும் எல்லா வகைப் பெட்ரோலிலும் இந்த மருந்தைக் கலக்க வேண்டும். விலை உயர்ந்ததில் மட்டும் கலந்துவிட்டுப் பெயர் வாங்க முடியாது.

பயன் என்ன? 2016-ல் அமெரிக்க மோட்டார் சங்கமான 'ட்ரிபிள் ஏ' ஒரு சோதனை நடத்தியது. நாலாயிரம் மைல் ஓட்டத்துக்குச் சமமான சோதனையில், டாப் டியர் அல்லாத பெட்ரோல் சராசரியாக 19 மடங்கு அதிக அழுக்கைப் படியவைத்தது. அடுத்துச் சொல்லப்போகும் எண்ணைத்தான் தோழர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். இந்த இருவகைப் பெட்ரோலுக்கும் அங்கே இருந்த சராசரி விலை வேற்றுமை எவ்வளவு தெரியுமா? ஒரு காலனுக்கு மூன்று சென்ட்! அன்றைய நாணய மாற்றுப்படி நம் கணக்கில் லிட்டருக்கு ஏறத்தாழ அரை ரூபாய்!

அரை ரூபாயில் முடியக்கூடிய சுத்தம் நம் ஊரில் ஏன் ரூபாய்க் கணக்கில் விற்கிறது? ஏனென்றால், சுத்தத்தைத் தனியாக விற்பதில்லை. ஆக்டேன் என்ற பெரிய மூட்டைக்குள் சுத்தம் என்ற சிறு பொட்டலத்தைச் செருகி, மூட்டையை எடுத்தால்தான் பொட்டலம் என்கிறார்கள். பொட்டலம் மட்டும் வேண்டியவன் மூட்டைக்கும் காசு கொடுக்கிறான்.

யாருடைய பங்க்?

நம் நாட்டில் இந்த வாணிபம் 2002 வாக்கில் சூடுபிடித்தது. பாரத் பெட்ரோலியம் 'ஸ்பீடு' என்ற பெயரில் மருந்து கலந்த பெட்ரோலைக் கொணர்ந்தது, மற்றவையும் தொடர்ந்தன. வேகம், வலிமை என்று பெயர்கள். சில பெயர்களின் வாலில் 95, 97, 100 என்று எண்கள். அந்த எண்ணோ ஆக்டேன் எண். சுத்திகரிப்பு மருந்து எவ்வளவு என்பதை எந்தப் பெயரும் சொல்வதில்லை. எந்தப் பலகையும் எழுதுவதில்லை.

ஊரெங்கும் நாம் காணும் பங்குகளில் மிகப் பெரும்பாலானவை எவருடையவை? இந்தியன் ஆயில் 1959-ல் அரசு நிறுவனமாகவே பிறந்தது. எஸ்ஸோ 1974-ல் மக்கள் உடைமையாகி இந்துஸ்தான் பெட்ரோலியம் ஆனது. பர்மா ஷெல் 1976-ல் மக்கள் உடைமையாகிப் பாரத் பெட்ரோலியம் ஆனது. வெள்ளையன் கம்பெனிகளை வாங்கியது எதற்கு? பெயர்ப் பலகையை மாற்றுவதற்கு மட்டுமா? மக்கள் சொத்து மக்களுக்கு உண்மையைச் சொல்லும். தேவையானதை வசதி படைத்தவனுக்கு மட்டும் ஒதுக்காது என்பதற்காக அல்லவா!

குழாய்த் தண்ணீரில் குளோரின் கலக்கிறார்கள். 'கிருமி இல்லாத தண்ணீர் வேண்டுமானால் குடத்துக்கு இவ்வளவு கூடுதல்' என்று எந்த நகராட்சியாவது சொன்னால் விடுவோமா? உப்பில் அயோடின் கலக்கச் சட்டம் இருக்கிறது. ஏழைக்கு ஓர் உப்பு, பணக்காரனுக்கு ஓர் உப்பு என்று சொல்வோமா? எஞ்சினின் சுத்தமும் அப்படிப்பட்டதே. அதன் புகை எல்லோர் மூச்சிலும் கலக்கிறது. அதன் பழுது உழைப்பவன் கூலியைத்தான் முதலில் தின்கிறது.

ஆகவே நாம் கேட்பது மூன்று.

ஒன்று: விற்கும் எல்லாப் பெட்ரோலிலும் போதிய சுத்திகரிப்பு மருந்து கலப்பதைக் கட்டாயமாக்கு. பெயருக்கு ஓர் அளவை எழுதிவிட்டுப் போகாமல், சோதித்துப் பார்த்து அளவை வை.

இரண்டு: எந்தப் பெட்ரோலில் ஆக்டேன் எவ்வளவு, எத்தனால் எவ்வளவு, சுத்திகரிப்பு மருந்து எவ்வளவு என்பதைப் பங்கில் எல்லோரும் படிக்கும்படி தமிழில் எழுதி வை.

மூன்று: ஆக்டேனின் விலை வேறு, சுத்தத்தின் விலை வேறு என்று பிரித்துக் காட்டு. இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டாதே.

இவை கேட்கக் கூடாத கேள்விகளா? காசு கொடுப்பவன் கணக்குக் கேட்பது குற்றமா?

அதுவரை என்ன செய்வது?

சட்டம் வரும்வரை வண்டி நிற்காது. ஆகவே சிறு தூரம் வண்டி ஓட்டும் தோழர்களுக்குச் சில சொற்கள்.

முதலில் கையேட்டைப் பாருங்கள். அது 95 ஆக்டேன் கேட்டால் கொடுத்தே ஆகவேண்டும். கேட்கவில்லையானால், ஆக்டேனுக்காகக் காசு செலவிட வேண்டாம். சுத்தத்துக்காக மட்டும் என்றால், ஒவ்வொரு தடவையும் மருந்துப் பெட்ரோல் போடத் தேவையில்லை. நாலைந்து தடவைக்கு ஒருமுறை டாங்க் நிறைய அதைப் போட்டு, அந்த டாங்கை ஒரு நீண்ட பயணத்தில் செலவழித்தால் செலவும் குறையும், பயனும் கிட்டும்.

கணக்கைப் பாருங்கள். மாதம் 200 கிலோமீட்டர், லிட்டருக்கு 15 கிலோமீட்டர் என்றால் மாதம் 13 லிட்டருக்குச் சற்று மேல். லிட்டருக்கு 7 ரூபாய் கூடுதல் என்று வைத்துக்கொள்வோம். மாதம் ஏறத்தாழ 93 ரூபாய். ஆண்டுக்கு 1,100 ரூபாய்க்கு மேல். சிறு காருக்கு ஆயிலும் ஆயில் ஃபில்டரும் வாங்கும் செலவுக்குக் கிட்டத்தட்ட வந்துவிடுகிறது அந்தத் தொகை! இரண்டில் ஒன்றுக்குத்தான் கையில் காசு இருக்கிறது என்றால், தயங்காமல் ஆயிலை மாற்றுங்கள். நம் தோழர் செய்த பிழை இதுதான். அவர் பட்ட பாடு மற்றவர் படக்கூடாது.

ஆயில் மாற்றுவதற்குக் கிலோமீட்டரை மட்டும் பார்க்காதீர்கள், மாதத்தையும் பாருங்கள். 'இத்தனை கிலோமீட்டர் அல்லது இத்தனை மாதம், எது முந்துகிறதோ அது' என்றுதான் கையேட்டில் இருக்கும். சிறு தூர ஓட்டத்தைக் 'கடுமையான உபயோகம்' என்றே கையேடுகள் வகைப்படுத்துகின்றன. அதற்குத் தவணை இன்னும் குறுகியது. மூன்று கிலோமீட்டர் ஓடுவது எஞ்சினுக்குச் சொகுசல்ல, கடுமை! இதை மறக்க வேண்டாம்.

வாரத்தில் ஒருநாள், நின்று நின்று போகாத சாலையில் அரைமணி நேரம் ஓட்டுங்கள். ஆயிலின் நீர் ஆவியாகும், பாட்டரி நிரம்பும், பிளக் தன் கரியைத் தானே எரிக்கும். எந்தக் கம்பெனியும் இந்த மருந்துக்கு விளம்பரம் செய்யாது. ஏனென்றால் இதை விற்க முடியாது. நாலு வேலைக்கு நாலு தடவை கிளப்பாமல், ஒரே சுற்றில் முடியுங்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் டாங்கில் தேக்கி வைக்காதீர்கள். கால் நல்ல நிலையில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்லுவோம்: ஒரு கிலோமீட்டருக்குச் சைக்கிளைவிடச் சிறந்த எஞ்சின் இன்னும் பிறக்கவில்லை!

கடைசியாக ஒன்று. பங்கில் நின்று "பிரீமியம் போடவா?" என்று கேட்பவரிடம் கோபம் கொள்ளாதீர்கள். அந்தக் கேள்வி அவருடையதல்ல. அவர் வாயில் வைக்கப்பட்டது. பகலெல்லாம் பெட்ரோல் நெடியைச் சுவாசித்து நிற்கும் அவரும் நம்மவர். அவரிடம் சிரித்த முகத்தோடு, "இதில் ஆக்டேன் எவ்வளவு, மருந்து எவ்வளவு, தோழரே?" என்று கேளுங்கள். அவருக்குத் தெரியாது. அவருக்கு யாரும் சொல்லவில்லை. அப்போது அவரும் கேட்கத் தொடங்குவார். குழாயின் இருபுறமும் நிற்பவர்கள் சேர்ந்து ஒரே கேள்வியைக் கேட்கும் நாளில், பதில் சொல்ல வேண்டியவர்கள் பலூன் காட்டித் தப்ப முடியாது.

அம்பத்தூர்த் தோழரின் கார் இப்போது ஓடுகிறது. புது ஆயில், புது ஃபில்டர். வாரந்தோறும் ஞாயிறு காலையில் தாயாரை ஏற்றிக்கொண்டு பூந்தமல்லிச் சாலையில் அரைமணி நேரம் போய் வருகிறார். "எஞ்சினுக்கு மருந்து" என்கிறார் தோழர். "எனக்குந்தானடா!" என்கிறார் அந்த அம்மா.